விரிசல் விட்டும் உடையாத செராமிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இழை சேர்த்த செராமிக்குகளைச் சோதனைப் பொறியில் பூட்டி இழுத்துப் பார்ப்பது என் வேலை. புதிதாகச் சேரும் மாணவர்களும், உலோகத்தில் பழகிவிட்டு இந்தப் பக்கம் வரும் பொறியாளர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். அதிகம் பேசப்போவது சிலிக்கன் கார்பைடு இழைகளைச் சிலிக்கன் கார்பைடுக்குள்ளேயே பதித்த பொருளைப் பற்றி. 2016-இல் பயணிகள் விமானங்களில் சேவைக்கு வந்த லீப் எஞ்சினில், டர்பைனின் சுழலும் அலகுகளை (பிளேடுகளை)ச் சுற்றி நிற்கும் வளையத் துண்டுகள் இந்தப் பொருளால் ஆனவை.

செராமிக்குக்குள் செராமிக் இழையையே வைப்பதில் என்ன லாபம்?

பழைய மண்சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணோடு வைக்கோலைப் போட்டு மிதித்துக் குழைப்பார்கள். காயும்போது மண் வெடிக்கத்தான் செய்யும். ஆனால் வெடிப்பின் இரண்டு கரைகளையும் வைக்கோல் பிடித்துக்கொள்வதால் சுவர் நிற்கும். வைக்கோல் மண்ணைவிடக் கெட்டியானது என்பதால் அல்ல, வெடிப்பைத் தாண்டிப் போய் இரு பக்கமும் பிடிக்கிறது என்பதால்.

இங்கேயும் கதை அதுதான். வெறும் சிலிக்கன் கார்பைடு மிகக் கடினமானது, 1200 டிகிரி செல்சியஸிலும் வலுவிழக்காதது. ஆனால் விரிசலைத் தடுக்கும் திறன் அதற்குக் குறைவு: 3 முதல் 5 மெகாபாஸ்கல் வர்க்கமூல மீட்டர்தான். சாதாரணக் கட்டுமான எஃகுக்கே இந்த எண் 50-க்கு மேல் போகும். செராமிக்கில் எங்கோ ஒரு சின்னக் குறை இருந்தால் போதும், அங்கிருந்து கிளம்பும் ஒரே விரிசல் பொருளை இரண்டாக்கிவிடும். மயிரிழையைவிட மெல்லிய, 10 முதல் 15 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள இழைகளை உள்ளே நெய்து வைத்தால் அந்த விரிசலால் முழுதாக ஓட முடியாது. எடையும் நிக்கல் உலோகக் கலவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

இந்த இழைக்கு வழி திறந்தவர் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செய்ஷி யாஜிமா. 1975-இல் அவர் ஒரு பாலிமரை முதலில் நூலாக இழுத்து, பிறகு சுட்டுச் சிலிக்கன் கார்பைடாக மாற்றிக் காட்டினார். நூலாக இருக்கும்போது வளையும், சுட்ட பிறகு செராமிக். இந்தத் துறை முழுக்க அந்த ஒரு யோசனையின் மேல் நிற்கிறது என்றே சொல்வேன்.

சுமை ஏற்றினால் முதல் விரிசல் எங்கே விழும்?

இழைகளைச் சுற்றி நிரம்பியிருக்கும் செராமிக்கை மேட்ரிக்ஸ் என்கிறோம். முதலில் விரிசல் விடுவது அதுதான், இழை அல்ல. மேட்ரிக்ஸிலும் எல்லா இடமும் ஒன்றுபோல இல்லை. பொருள் ஒரு துணி என்பதை மறக்கக் கூடாது: பாவு இருக்கிறது, ஊடை இருக்கிறது. சில நூறு இழைகள் சேர்ந்தது ஒரு புரி. பாவின் திசையில் இழுத்தால் ஊடைப் புரிகள் சுமைக்குக் குறுக்கே கிடக்கும். அந்தப் புரிகளுக்குள் இழைக்கும் மேட்ரிக்ஸுக்கும் இடையிலுள்ள பிடிப்பு பலவீனமானது. போதாததற்குப் புரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும் இடங்களில் நுண்துளைகள் தங்கிவிடும். வாயுவைச் செலுத்திப் படியவைத்துச் செய்யும் முறையில் 10 முதல் 15 சதவீதம் துளையாகவே இருக்கும். முதல் விரிசல்கள் பெரும்பாலும் இந்தக் குறுக்குப் புரிகளிலும் துளைகளின் கூர்மையான ஓரங்களிலும் பிறக்கின்றன.

அப்போது வெளியே ஒன்றும் தெரியாது. தகைவு–திரிபு வளைகோடு, அதாவது ஒரு சதுர அளவின் மேல் விழும் விசைக்கு (தகைவு) எதிராகப் பொருள் நீளும் விகிதத்தை (திரிபு) வரைந்த கோடு, இன்னும் நேர்கோடாகவே இருக்கும். சுமை கூடக் கூட இந்தக் குட்டி விரிசல்கள் பக்கத்தில் சுமை தாங்கும் பாவுப் புரிகளுக்குள் நுழைகின்றன. வளைகோடு வளையத் தொடங்குவது அங்கேதான். உருக்கிய சிலிக்கனைச் செலுத்திச் செய்த நல்ல பொருளில் இது ஏறக்குறைய 150 முதல் 200 மெகாபாஸ்கலில் நடக்கும். திரிபு அப்போது 0.1 சதவீதத்தைக்கூடத் தொட்டிருக்காது.

விரிசல் இழையைத் தொட்டதும் இழையும் சேர்ந்து உடையாதா?

உடையக் கூடாது. அதற்காகவே இழையின் மேல் ஒரு மெல்லிய இடைப்படலம் பூசுகிறார்கள். கார்பன் அல்லது போரான் நைட்ரைடு, தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்குள். இரண்டுமே சீட்டுக்கட்டு போல அடுக்கடுக்காக வழுக்கும் அமைப்புள்ளவை.

மேட்ரிக்ஸில் ஓடிவரும் விரிசல் இந்தப் படலத்தை அடைந்ததும் அதற்கு முன்னால் இரண்டு வழி: நேராக இழைக்குள் நுழைவது, அல்லது இழையின் நீளவாக்கில் திரும்பிப் படலத்துக்குள்ளேயே ஓடுவது. 1989-இல் ஹீ, ஹட்சின்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதற்குக் கணக்குப் போட்டார்கள். இரு பக்கப் பொருளின் விறைப்பும் ஒன்றுபோல இருந்தால், படலத்தைப் பிளக்கத் தேவையான ஆற்றல் இழையை உடைக்கத் தேவையான ஆற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் விரிசல் திரும்பும்.

திரும்பிய பிறகு இழை தன் உறையிலிருந்து கொஞ்ச தூரம் கழன்று, உராய்ந்துகொண்டே வழுக்குகிறது. விரிசல் திறக்கிறது, இழை உடையாமல் பாலமாக நிற்கிறது. உராய்வில் ஆற்றல் செலவாகிறது. உலோகம் நெளிந்து ஆற்றலை விழுங்குவதுபோல இந்தப் பொருள் உராய்ந்து விழுங்குகிறது.

மாணவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நன்றாக ஒட்டினால் வலு கூடும் என்பது பிளாஸ்டிக்கில் கண்ணாடியிழை பதித்தவர்களின் பழக்கம். இங்கே நன்றாக ஒட்டினால் பொருள் கெட்டது. படலமே இல்லாமல் செய்த தகட்டை இழுத்தால் வெறும் செராமிக் மாதிரியே பட்டென்று போகும், முறிந்த முகமும் கண்ணாடி போலத் தட்டையாக இருக்கும். அதற்காக மிகவும் தளர்வாகவும் விடக் கூடாது. உராய்வு குறைந்தால் விரிசல்கள் அகலமாகத் திறந்து, காற்று உள்ளே புக வழி விடும். அது ஏன் ஆபத்து என்பதைக் கீழே சொல்கிறேன்.

விரிசல்கள் முடிவில்லாமல் பெருகிக்கொண்டே போகுமா?

இல்லை. ஒரு கட்டத்தில் நின்றுவிடும். காரணம் எளிது. விரிசல் விழுந்த இடத்தில் மேட்ரிக்ஸ் சுமை எதையும் தாங்காது. முழுச் சுமையும் இழையில். அங்கிருந்து தள்ளிப் போகப் போக உராய்வு வழியாகச் சுமை மறுபடி மேட்ரிக்ஸுக்குள் ஏறும். முழுதாக ஏற ஒரு குறிப்பிட்ட தூரம் வேண்டும். அந்தத் தூரத்துக்குள் மேட்ரிக்ஸில் போதுமான தகைவு இல்லாததால் அடுத்த விரிசல் விழ முடியாது. அதனால் கடைசியில் விரிசல்களின் இடைவெளி அந்தத் தூரத்துக்கும் அதன் இரண்டு மடங்குக்கும் நடுவே வந்து நிற்கும். அவெஸ்டன், கூப்பர், கெல்லி மூவரும் 1971-இல் சொன்னது இது. இன்றும் முதல் வகுப்பில் இதிலிருந்துதான் தொடங்குகிறோம்.

பொருளைப் பொறுத்து இந்த இடைவெளி சில பத்து மைக்ரோமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவு வரை மாறும். நெருக்கமான நிறைய விரிசல்கள் என்றால் உராய்வு நன்றாக இருக்கிறது, ஒவ்வொரு விரிசலும் குறுகலாக இருக்கிறது என்று பொருள். ஆகவே நுண்நோக்கியில் நிறைய விரிசல் தெரிந்தால் பயப்படாதீர்கள். அகலமான நாலைந்து விரிசல்கள் மட்டும் தெரிந்தால்தான் எனக்குக் கவலை.

அப்புறம் கடைசியில் எது உடைகிறது?

இழைகள். மேட்ரிக்ஸ் ஓய்ந்த பிறகு சுமை கூடினால் அது நேராக இழைகளுக்குப் போகிறது. எல்லா இழையும் ஒரே வலுவுள்ளதல்ல. ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு குறை. பலவீனமானவை முதலில் அறுகின்றன. அறுந்த இழையின் சுமையை மற்றவை பகிர்ந்துகொள்கின்றன. இங்கே ஓர் அருமையான விஷயம் உண்டு. அறுந்த இழை அதோடு தீர்ந்துபோவதில்லை. அறுந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனால் உராய்வு அதை மறுபடி பிடித்துக்கொள்ளும், அங்கே அது வழக்கம்போலச் சுமை தாங்கும். இதை ஒழுங்கான கணக்காக்கியவர் கர்ட்டின், 1990-களின் தொடக்கத்தில்.

ஒப்பிட்டுப் பார்க்க, மேட்ரிக்ஸே இல்லாத வெறும் புரியை எடுத்துக்கொள்வோம். இழை வலுவின் சிதறலைக் குறிக்கும் வைபுல் எண் 5 என்றால், உச்சச் சுமையைத் தொடும்போதே சுமார் 18 சதவீத இழைகள் அறுந்திருக்கும். அதைத் தாண்டினால் மிஞ்சியவற்றால் தாங்க முடியாமல் மொத்தமும் போகும். முழுப் பொருளில் இது அறை வெப்பத்தில் 300 முதல் 450 மெகாபாஸ்கல் வாக்கில் நடக்கும். முறிந்த முகத்தில் இழை நுனிகள் தேய்ந்துபோன துடைப்பம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மாதிரி அறுந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த நுனிகளின் நீளத்தைத்தான்.

இழுத்து விட்டுப் பார்க்கும் சோதனை எதற்கு?

ஒரே மூச்சில் இழுத்து அறுத்தால் ஒரு வளைகோடுதான் கிடைக்கும். நடுநடுவே சுமையை இறக்கி ஏற்றினால் தயக்கக் கண்ணிகள் கிடைக்கும், அதாவது இறங்கும் கோடும் ஏறும் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் உண்டாகும் வளையங்கள். கண்ணியின் சாய்வு விறைப்பு எவ்வளவு குறைந்தது என்று சொல்லும், அதாவது எவ்வளவு விரிசல். கண்ணியின் அகலம் உராய்வைச் சொல்லும். சுமை சுழியத்துக்கு வந்தும் மிஞ்சும் திரிபு, விரிசல்கள் முழுதாக மூடவில்லை என்று சொல்லும். என்னைக் கேட்டால், ஒரே ஒரு சோதனைக்குத்தான் மாதிரி இருக்கிறது என்றால் இதையே செய்யச் சொல்வேன்.

சுமையை இறக்கிவிட்டு நுண்நோக்கியில் பார்த்தேன், விரிசலே இல்லை. சேதம் இல்லை என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். முதல் ஆண்டில் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். சுமை இறங்கியதும் இழைகள் விரிசலை இழுத்து மூடிவிடும். மெருகேற்றிய பரப்பில்கூட ஒன்றும் தெரியாது. ஒரு சின்னத் தாங்கியில் வைத்து, சுமையோடேயே நுண்நோக்கிக்குக் கீழே பாருங்கள். அல்லது பிளாஸ்மாவால் பரப்பை லேசாக அரித்த பிறகு பாருங்கள். மூடியிருந்த கோடுகள் வரிசையாக வெளிவரும்.

உள்ளே நடப்பதை வேறு எப்படி அறிவது?

பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோம் இல்லையா, காதுதான் முதல் கருவி. ஒவ்வொரு விரிசலும் பிறக்கும்போது ஒரு சின்ன ஒலி அலையை விடுகிறது. மாதிரியின் இரு முனையிலும் உணரி ஒட்டினால் அலை வந்த நேர வித்தியாசத்தை வைத்து விரிசல் எங்கே பிறந்தது என்று சொல்லலாம். அமெரிக்காவின் நாசா கிளென் மையத்தில் கிரெகரி மார்ஷர், சேர்ந்துகொண்டே போகும் ஒலி ஆற்றல் மேட்ரிக்ஸ் விரிசல்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறது என்று காட்டினார். சிலிக்கன் மிஞ்சியிருக்கும் பொருள்களில் மின்தடையும் உதவும். விரிசல் விழ விழ மின்னோட்டத்தின் பாதை அறுந்து தடை ஏறும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது எக்ஸ் கதிர் முப்பரிமாணப் படம். 2013-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ராபர்ட் ரிட்சி குழுவினர், 1600 டிகிரிக்கும் மேலான சூட்டில் மாதிரியை இழுத்துக்கொண்டே உள்ளே விரிசல் வளர்வதையும் இழைகள் அறுவதையும் படமெடுத்தார்கள். முறிந்த பிறகு துண்டுகளை வைத்து ஊகித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, நடக்கும்போதே பார்க்கக் கிடைத்தது பெரிய விஷயம்.

சூடும் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். இதுவரை சொன்னதெல்லாம் இயந்திரவியல். உண்மையில் ஆயுளைத் தீர்மானிப்பது வேதியியல்.

மேட்ரிக்ஸில் விரிசல் விழுந்ததும் வெளிக்காற்று இடைப்படலத்தை அடைய ஒரு பாதை கிடைக்கிறது. படலம் கார்பன் என்றால் சுமார் 500 டிகிரியிலேயே எரிந்து வாயுவாகப் போய்விடும். இழையைச் சுற்றி வெற்றிடம் மிஞ்சும். பிறகு இழையும் மேட்ரிக்ஸும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து சிலிக்கா என்ற கண்ணாடி போன்ற பொருள் உண்டாகி, அந்த வெற்றிடத்தை நிரப்பி, இழையை மேட்ரிக்ஸோடு இறுக்கி ஒட்டிவிடும். ஒட்டினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். அடுத்து ஓர் இழை அறுந்தால் அந்த விரிசல் பக்கத்து இழைக்கு நேராகப் பாயும்.

போரான் நைட்ரைடு இதைவிட நன்றாகத் தாங்கும், அதனால்தான் எஞ்சின்களுக்கு அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் எரிந்த வாயுவில் நீராவி அதிகம். ஆக்ஸிஜனேறிய போரான், நீராவியோடு சேர்ந்து ஆவியாகிப் போய்விடும். மிஞ்சும் சிலிக்கா மறுபடி அதே பசை வேலையைச் செய்யும்.

கேட்பவர்கள் நம்ப மறுப்பது அடுத்த செய்தியை: பல பொருள்களுக்கு 1200 டிகிரியைவிட 700 முதல் 900 டிகிரிதான் கொடுமையானது. உச்ச வெப்பத்தில் சிலிக்கா வேகமாக வளர்ந்து விரிசலின் வாயையே அடைத்துவிடும், காற்று உள்ளே போக முடியாது. நடுத்தர வெப்பத்தில் படலம் எரியும் அளவுக்குச் சூடு இருக்கிறது, வாயை அடைக்கும் அளவுக்கு இல்லை.

இந்த வெப்பத்தில் இரவு முழுக்கச் சுமையில் நின்று விடியற்காலையில் அறுந்த மாதிரிகளை நான் பார்த்திருக்கிறேன். முறிந்த முகத்தின் ஓரம் முழுக்கத் தட்டை, நடுவில் மட்டும் இழை நுனிகள் நீட்டியிருக்கும். காற்று எதுவரை நடந்து வந்தது என்பதற்கு அந்த எல்லைக்கோடே சாட்சி.

பரப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. நீராவி சிலிக்காவையே மெல்ல ஆவியாக்கித் தகட்டை மெலியவைக்கும். அதைத் தடுக்கத்தான் இட்டெர்பியம் டைசிலிகேட் போன்ற பூச்சுகள். அந்தப் பூச்சு உரிந்தால், உள்ளே எவ்வளவு நல்ல பொருளாக இருந்தாலும் நாள் எண்ண வேண்டியதுதான்.

விரிசல் தானாக மூடும்படி செய்ய முடியாதா?

செய்கிறார்கள். மேட்ரிக்ஸுக்குள் போரான் கலந்த அடுக்குகளை வைத்தால், காற்று பட்டதும் அவை உருகிக் கண்ணாடியாகி விரிசலை நிரப்பும். பிரான்சில் போர்தோ நகரில் இதில் நீண்டகால வேலை நடந்திருக்கிறது. கவனிக்க வேண்டியது: மூடுவது காற்றின் பாதை மட்டுமே, இழந்த வலு திரும்பி வராது.

கார்பன் இழை போட்ட சிலிக்கன் கார்பைடும் இப்படித்தானா?

படிகள் அவைதான், தொடக்கம் வேறு. கார்பன் இழை நீளவாக்கில் சூட்டுக்கு ஏறக்குறைய விரியாது, சுருங்காது. மேட்ரிக்ஸ் சுருங்கும். ஆயிரம் டிகிரி அளவில் செய்து ஆறவைக்கும்போதே, யாரும் சுமை ஏற்றாமலே, மேட்ரிக்ஸ் முழுக்க விரிசல் விட்டுவிடும். அதனால் வளைகோட்டில் நேர்ப்பகுதியே சரியாகக் கிடைக்காது. விலையுயர்ந்த கார்களில் வரும் செராமிக் பிரேக் தட்டு இந்தக் குடும்பம்தான், அதில் குட்டையாக நறுக்கிய இழை. பிரேக்குக்கு இது ஒத்துவரும். பல மணிநேரம் காற்றில் சூடாக நிற்கும் வேலைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கினால்?

ஒவ்வொரு முறையும் இழை உறைக்குள் முன்னும் பின்னும் தேய்கிறது. படலம் வழவழப்பாகி உராய்வு குறைகிறது, விரிசல் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கிறது. வேகமாக ஆட்டினால் அந்த உராய்விலேயே மாதிரி சூடேறும், அதை அளக்கவும் முடியும். முதல் விரிசல் விழும் தகைவுக்குக் கீழே வைத்திருந்தால் பெரும்பாலும் நீண்ட காலம் தாங்கும்.

மோதலைத் தாங்குமா?

நெருங்கிய உறவுப் பொருள் ஒன்றின் கதை இதற்குப் பதில் சொல்லும். கொலம்பியா விண்ணோடத்தின் இறக்கை முனை, கார்பனுக்குள் கார்பன் இழை வைத்த பொருளால் ஆனது. 2003 ஜனவரி 16 அன்று கிளம்பி ஏறக்குறைய 82 வினாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த முக்கால் கிலோ எடையுள்ள நுரைத் துண்டு அதில் மோதியது. பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஜூலையில் டெக்சஸின் சான் அன்டோனியோவில் அதே மாதிரித் தகட்டின் மேல் நுரையைச் சுட்டுப் பார்த்தபோது சுமார் 40 சென்டிமீட்டர் ஓட்டை விழுந்தது. நுரையால் என்ன ஆகும் என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள்.

மெல்ல ஏறும் சுமைக்கு விரிசல்களைப் பரப்பித் தாங்கும் இந்தக் குடும்பம், ஓரிடத்தில் விழும் அடிக்கு அவ்வளவு பொறுமை காட்டாது. முன்பக்கம் சின்னத் தடம் தெரிந்தால் பின்பக்கத்தையும் உட்புற அடுக்குகளையும் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

அப்படியானால் வடிவமைக்கும்போது எந்தத் தகைவை எல்லையாக வைப்பது?

அது வேலையைப் பொறுத்தது. எஞ்சினுக்குள் ஆயிரக்கணக்கான மணிநேரம் இருக்க வேண்டிய பாகம் என்றால் மேட்ரிக்ஸ் விரிசல் தகைவுக்குக் கீழேயே நில்லுங்கள். அதற்கும் உச்ச வலுவுக்கும் இடையிலுள்ள தூரம் நீங்கள் தினசரி செலவழிக்க அல்ல. எதிர்பாராத ஒரு நாளுக்கு.

வளையத் துண்டு போன்ற அசையாத பாகங்களில் சுமை பெரும்பாலும் வெப்ப வேறுபாட்டால் வருவது. விரிசல் விழுந்து விறைப்பு குறைந்தால் தகைவும் தானாகத் தணியும். சுழலும் அலகில் அந்தச் சலுகை இல்லை. விறைப்பு எவ்வளவு குறைந்தாலும் மையவிலக்கு விசை அப்படியே இழுக்கும். இந்தப் பொருள் எஞ்சினுக்குள் அசையாத பாகங்கள் வழியாக நுழைந்ததற்கு இது ஒரு நல்ல காரணம்.

2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு பேசப்படும் அணு எரிபொருள் உறைக்குழாயில் கணக்கே வேறு. அங்கே உறையின் வேலை வாயுவை உள்ளே பிடித்துவைப்பது. முதல் மேட்ரிக்ஸ் விரிசல்கள் ஒன்றோடொன்று சேர்ந்ததுமே வாயு கசிந்துவிடும். குழாய் முறியாமல் முழு வலுவோடு நின்றாலும் அதன் வேலை முடிந்தது. அதனால்தான் உள்ளேயோ வெளியேயோ இழையில்லாத ஒரு கெட்டி அடுக்கைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

புதிதாகச் சோதனை தொடங்குகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மாதிரியை நேராகப் பூட்டுங்கள். பிடிப்பில் சின்னக் கோணல் இருந்தாலும் ஒரு பக்கம் வளைந்து, முதல் விரிசல் தகைவு குறைவாகத் தெரியும். வெட்டிய ஓரங்கள் வழியாகக் காற்று குறுக்குப் புரிகளுக்குள் நேராகப் போகும், ஆகவே சூட்டுச் சோதனைக்கு முன் ஓரங்களை மூடிவிட்டீர்களா என்று எழுதிவையுங்கள். துளையின் அளவை ஒவ்வொரு மாதிரிக்கும் தனியாக அளந்துகொள்ளுங்கள். ஒரே தகட்டின் இரு முனைகளில்கூட அது மாறும். அறுந்ததும் இரண்டு துண்டையும் கையால் தொடாமல் டப்பாவில் போடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் இழை நுனிகள் விரல் பட்டாலே ஒடிந்துவிடும். ஒடிந்தவற்றைப் பிறகு அளக்க வழியில்லை.